மேல்காற்றும் கடற்காற்றும்: கடலோரக் கோடை பற்றி வாசகர் கேள்விகள்

கடலோர ஊர்களின் கோடையைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருவொற்றியூர் முதல் குமரி வரை பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒரே கேள்வி பல கடிதங்களில் இருந்ததால் அவற்றை ஒன்றாக்கி, கேட்டவரின் ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் அளித்திருக்கிறேன்.

இந்தக் கோடையில் வெப்பம் "இயல்பைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு" என்று தொலைக்காட்சியில் கேட்டேன். எங்கள் ஊரில் எத்தனை டிகிரி கூடும்? மே மாதக் கடைசியில் மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறோம். பந்தலை எப்படிப் போடுவது என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன்.
(நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்)

எத்தனை டிகிரி கூடும் என்பதை அந்த அறிக்கை சொல்வதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை பிப்ரவரி இறுதியில் மார்ச் முதல் மே வரையிலான பருவத்துக்கும், மார்ச் இறுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்துக்கும் வெப்பநிலை முன்னோக்கு ஒன்றை வெளியிடுகிறது. கடந்த பல ஆண்டுகளின் கோடைகளைக் குளிர்ந்தவை, நடுத்தரமானவை, வெப்பம் மிகுந்தவை என மூன்று சமபங்குகளாகப் பிரித்துக்கொண்டு, வரும் கோடை எந்தப் பங்கில் விழக்கூடும் என்பதற்கான நிகழ்தகவை மட்டும் அது வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டுகிறது. எதுவும் தெரியாத நிலையிலேயே ஒவ்வொரு பங்குக்கும் மூன்றில் ஒரு வாய்ப்பு இருப்பதால், "கூடுதல் வெப்பத்துக்கு 50 விழுக்காடு வாய்ப்பு" என்று அறிவிக்கப்பட்டால், இன்னொரு பாதி வாய்ப்பு மற்ற இரு பங்குகளுக்கும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். தொலைக்காட்சிச் செய்தியில் இந்த மறுபாதி எப்போதும் காணாமல் போய்விடும்.

மேலும், அந்த முன்னோக்கு மூன்று மாதச் சராசரியைப் பற்றியது. சராசரியில் அரை டிகிரி கூடினாலே அது வெப்பம் மிகுந்த கோடையாகிவிடும். அந்த அரை டிகிரியைத் தோலால் உணர முடியாது. உங்கள் முகூர்த்த நாளைத் தீர்மானிக்கப்போவது அன்றைய காற்று. அதை அறிய, வியாழக்கிழமைதோறும் வெளியாகும், அடுத்த சில வாரங்களுக்கான முன்னறிவிப்பை மே முதல் வாரத்திலிருந்தும், நாள்தோறும் வரும் அறிவிப்பைத் திருமணத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்தும் கவனியுங்கள். பந்தலைப் பொறுத்தவரை, மேற்குப் பக்கத்தைத் தென்னங்கீற்றுத் தட்டியால் நன்றாக அடைத்துவிட்டு, கிழக்குப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

ஏப்ரல் மாதத்தில் காலை 11 மணிக்கே கடற்காற்று வந்துவிடுகிறது. மே கடைசியிலும் ஜூனிலும் மூன்று மணி ஆனாலும் வருவதில்லை. கடல் அதே கடல்தானே? சூரியன் உச்சிக்கு வருவது ஏப்ரலில்தான் என்றால் வெயில் ஏன் மே மாதம் கொளுத்துகிறது?
(திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி)

வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது இக்கேள்வி. கடலோரக் கோடையின் திறவுகோல் இதற்குள் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் நாள் குமரிமுனையில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும், சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் நிகழ்கிறது. அன்று நண்பகலில் நட்டு வைத்த கம்பத்துக்கு நிழல் விழுவதில்லை. வெயிலின் நேரடித் தாக்கம் மட்டுமே வெப்பத்தைத் தீர்மானிக்குமானால் சென்னையின் கடும் வெப்பம் ஏப்ரல் கடைசியில் வந்துபோயிருக்க வேண்டும். ஆனால் சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று. நிலம் சூடேறித் தீரச் சில வாரங்கள் ஆகும் என்பது இந்தத் தாமதத்துக்கு ஒரு காரணமே தவிர முழுக் காரணம் ஆகாது.

முழுக் காரணத்தை நம் முன்னோர் காற்றுக்கு வைத்த பெயரிலேயே காணலாம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. பருவத்தின் பெயரும் மேல்காற்றின் (மேற்குக் காற்றின்) பெயரும் நம் மொழியில் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தென்கடலோர மீனவர் கச்சான் என்று அழைப்பதும் இந்த மேல்காற்றைத்தான்.

பகலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது. கடல் அவ்வாறு ஏறுவதில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. இதுவே கடற்காற்று. இது சில நூறு மீட்டர் முதல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை மட்டுமே தடிமன் உள்ள மெல்லிய படலம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஏப்ரலில் மேலே வீசும் காற்று பலவீனமாகவோ, தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவதாகவோ இருப்பதால், கடற்காற்றுக்குத் தடை ஏதும் இல்லை. முற்பகலிலேயே அது ஊருக்குள் வந்துவிடுகிறது. வெப்பநிலையும் 35 அல்லது 36 டிகிரியோடு நின்றுவிடுகிறது.

மே நடுவில் நிலைமை மாறத் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. அதற்கு முன்பே, மழையைக் கொண்டுவரும் மேற்குக் காற்றோட்டம் அரபிக்கடல் பக்கத்திலிருந்து வலுப்பெற்றுவிடும். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது ஈரத்தைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் கீழிறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி சூடேறும். அவ்வாறு சூடேறிய காற்று, ஏற்கெனவே தகித்துக்கொண்டிருக்கும் உள்மாவட்டங்களைத் தடவிக்கொண்டு கிழக்குக் கரையை வந்தடைகிறது. அதை எதிர்த்துக் கடற்காற்று உள்ளே நுழைய வேண்டும். மேல்காற்று வலுவாக வீசும் நாளில் கடற்காற்று கரைக்கு வெளியே கடல் மேலேயே காத்து நிற்கும். மதியம் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ நிலம் போதிய அளவு சூடான பிறகே உள்ளே வரும். அதற்குள் வெப்பமானி 40-ஐத் தாண்டியிருக்கும்.

ஆகவே கடலோரத்தில் ஒரு நாளின் உச்ச வெப்பம் என்பது, பெரும்பாலும் கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்பதன் மறுபெயர். மீனம்பாக்கம் பல நாள்களில் நுங்கம்பாக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகக் காட்டுவதற்கும் காரணம் இதுவே. கடலிலிருந்து அது மேலும் தள்ளியிருப்பதால் காற்று அங்கே தாமதமாகச் சென்று சேர்கிறது. மொட்டை மாடியில் ஒரு துணியைக் கட்டி வைத்து, அது கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பி ஆடத் தொடங்கும் நேரத்தைத் தாளில் குறித்து வாருங்கள். அடுத்த நாள் செய்தித்தாளில் வரும் உச்ச வெப்பத்தோடு ஒப்பிட்டால், இரண்டு வாரத்தில் நீங்களே ஓரளவு கணிக்கத் தொடங்கிவிடுவீர்கள். நான் பல கோடைகளாக இதைச் செய்து வருகிறேன். என் வீட்டில் இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். ஆனாலும் வடகம் காயவைப்பதற்கு முன் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

அக்னி நட்சத்திரத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டா?
(சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர்)

மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28-ஐ ஒட்டி முடியும் கத்திரி வெயில் காலம், சூரியன் கார்த்திகை விண்மீனை ஒட்டிக் கடக்கும் நாள்களைக் கொண்டு பஞ்சாங்கத்தில் கணிக்கப்படுவது. வானிலை ஆய்வுத் துறை இதை ஒரு பருவமாகக் கொள்வதில்லை. தமிழ்நாட்டின் வெப்பமான வாரங்கள் பொதுவாக அந்த நாள்களில் அமைவதால் நீண்ட காலப் பட்டறிவு என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் கத்திரி முடிந்த மறுநாள் வெயில் தணிந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு, வட கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு எந்த நியாயமும் இல்லை. மேலே குறிப்பிட்ட 2003-ஆம் ஆண்டு உச்சமும் கத்திரி முடிந்த பிறகு வந்ததுதான்.

வங்கக் கடலில் புயல் என்று கேள்விப்பட்டவுடன் மழை வரும் என்று மகிழ்கிறோம். ஆனால் முன்பைவிட வெயில்தான் கூடுகிறது. இது எங்கள் பிரமையா?
(புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி)

பிரமை இல்லை, நீங்கள் கண்டது சரி. நம் பகுதியில் புயலைச் சுற்றும் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. புயல் நமக்கு வடகிழக்கே, ஆந்திரத்துக்கோ ஒடிசாவுக்கோ வங்கதேசத்துக்கோ அருகில் இருந்தால், நாம் அதன் தென்மேற்கு ஓரத்தில் இருப்போம். அந்த ஓரத்தில் காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும். அதாவது, மேல்காற்றைப் புயல் தன் பங்குக்கு இழுத்து வலுப்படுத்துகிறது. கடற்காற்று எழ முடியாமல் போகிறது. இருக்கிற ஈரமும் வடக்கே போய்ச் சேர்கிறது.

2019-இல் ஃபானி புயல் இலங்கைக்குத் தென்கிழக்கே உருவானபோது, ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த சென்னை அதைப் பெரிதும் எதிர்பார்த்தது. புயல் திரும்பி, மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. சென்னைக்கு மிஞ்சியது வெயில் மட்டுமே. 2023 மே 14 அன்று மோக்கா புயல் மியான்மரில் கரையேறியதை அடுத்தும் சென்னை 40 டிகிரியைக் கடந்தது. இதற்கு மாறாக, 2016 மே மாதத்தில் ரோனு புயல் நம் கரையை ஒட்டியே வடக்கு நோக்கி நகர்ந்ததால் சென்னைக்கு நல்ல மழை கிடைத்தது. எனவே புயலின் பெயரைக் கேட்டதும், அது எந்தத் திசையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள். விசாகப்பட்டினத்துக்கு அப்பால் என்றால் குடையை வெயிலுக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறேன். வேலூரில் 41 டிகிரி என்றால் எச்சரிக்கை விடுகிறார்கள். இங்கே 36 டிகிரியில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள், ஒருவரும் கேட்பதில்லை. எந்த வெயில் கொடியது?
(தூத்துக்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்)

இத்தகைய வெயிலில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வியர்வை ஆவியாவதே. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. 35 டிகிரி வெப்பத்தோடு 60 விழுக்காடு ஈரப்பதம் சேர்ந்தால், நிழலில் இருப்பவருக்கே ஏறத்தாழ 45 டிகிரியைப் போல இருக்கும் என்பது வெப்பக் குறியீட்டுக் கணக்கு. வேலூரின் 41 டிகிரியில் காற்று வறண்டிருக்குமானால், போதிய தண்ணீர் குடித்து நிழலில் இருப்பவருக்கு வியர்வை உதவும். கடற்கரையின் 36 டிகிரியில் அந்த உதவி பாதியாகிவிடுகிறது. ஆகவே உங்கள் ஆட்கள் மயங்குவதில் வியப்பு இல்லை.

எச்சரிக்கை ஏன் வருவதில்லை என்பதற்கு வெப்ப அலையின் வரையறையே காரணம். சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரியையும், கடலோரத்தில் 37 டிகிரியையும் எட்ட வேண்டும். அத்துடன் அந்த இடத்தின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு வானிலை உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இவ்வாறு நீடித்தால்தான் வெப்ப அலை என்று அறிவிக்கப்படும். சென்னையின் மே மாத இயல்பு 37-ஐ ஒட்டியது என்பதால், அங்கே 41.5-ஐத் தொட்டால்தான் கணக்கில் வரும். நாற்புறமும் கடல் சூழ்ந்த பாம்பன் போன்ற ஊருக்கு அந்த நிபந்தனை ஏறக்குறைய எட்டாக் கனி. இரவைப் பற்றிய வரையறை இன்னும் விந்தையானது. பகல் வெப்பம் 40-ஐத் தொட்ட நாளில்தான் வெப்பமான இரவு என்ற அறிவிப்பே எழும். கடலோரத்தில் பகல் 36, இரவு 29 என்று வாரக்கணக்கில் புழுங்கினாலும் அது எந்தப் பட்டியலிலும் ஏறாது. பகலில் தளர்ந்த உடல் இரவில் தேறுவதற்கு இடமில்லாமல் போவதே கடலோர வெப்பத்தின் உண்மையான கொடுமை என்பது என் கருத்து. வரையறை இதை உள்வாங்கும் வகையில் திருத்தப்பட வேண்டும். ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டை ஆய்வுத் துறை 2023-இல் சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது. அது கடலோரத்துக்கு நல்ல தொடக்கம்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருப்பதையும், வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு என்பதையும் உங்கள் ஆட்களுக்குச் சொல்லி வையுங்கள். அந்த நிலை வராமல் இருக்க, பாத்தியில் வாரும் வேலையை விடியலுக்கு முன் தொடங்கி முற்பகலில் நிறுத்திவிடுவதும், வரப்பின் முனையில் ஒரு கீற்றுக் கொட்டகையும், உப்புச் சர்க்கரைக் கரைசலும் வேண்டும். உப்பளத்தில் நிற்பவருக்கு வெள்ளை உப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயிலும் சேர்ந்து விழுகிறது என்பதை மறக்க வேண்டாம். பேச்சு குழறுவது, வியர்வை நின்று உடல் கொதிப்பது ஆகியவை தென்பட்டால் அது வெறும் மயக்கம் அன்று. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

என் கைபேசி 43 என்கிறது. செய்தியில் 39 என்கிறார்கள். எங்களிடம் மறைக்கிறார்களா?
(எண்ணூரிலிருந்து ஒரு வாசகர்)

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. வானிலை நிலையத்தின் வெப்பமானி, வெள்ளைப் பூச்சுப் பூசி நாற்புறமும் சாய்சட்டம் வைத்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில், வெயில் படாமல் காற்று புகும்படி வைக்கப்படுகிறது. உலகமெங்கும் அப்படி அளந்தால்தான் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட முடியும். கைபேசி காட்டுவது பெரும்பாலும் கணினி மாதிரியின் மதிப்பீடு. பல செயலிகள் "உணரப்படும் வெப்பம்" என்ற இன்னோர் எண்ணையும் காட்டுகின்றன. நீங்கள் அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் தார்ச்சாலையில் நடந்துபோகும் உங்களுக்கு இரண்டு எண்களையும்விட அதிகமாகவே சுடும்.

வெயிலுக்குப் பயந்து கடற்கரைக்குப் போனால், அமைதியாக இருக்கும் கடல் திடீரென்று எழுவதாகச் சொல்கிறார்களே?
(குளச்சலிலிருந்து ஒரு வாசகி)

உங்கள் பகுதியில் கள்ளக்கடல் என்று சொல்வார்கள். பெயர் பொருத்தமானது; உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாதபோது கள்ளனைப் போல ஓசையின்றி வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பிய நெடிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சில நாள்களில் நம் கரையை அடைகின்றன. ஏப்ரலும் மேயும் இதற்குரிய மாதங்கள். பள்ளி விடுமுறையும் அதே மாதங்களில் வருவதுதான் ஆபத்து. 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தபோது, எச்சரிக்கை முன்னரே வெளியாகியிருந்தது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதை அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு உள்ள நாளில் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம்.

பருவமழை கேரளத்தில் தொடங்கிவிட்டால் எங்களுக்குக் கோடை முடிந்ததாகக் கொள்ளலாமா?
(கடலூரிலிருந்து ஒரு வாசகர்)

கேரளத்தில் தொடங்கும் மழை, நம் கிழக்குக் கரைக்கு முதலில் அனுப்புவது அதே மேல்காற்றைத்தான். அதனால் சென்னை, கடலூர், நாகை போன்ற இடங்களில் ஜூன் மாதம் மே மாதத்துக்குச் சற்றும் சளைத்ததாக இருப்பதில்லை. மார்ச் முதல் மே வரை மாநிலத்துக்குக் கிடைக்கும் கோடை மழை சராசரியாக 13 சென்டிமீட்டர் அளவே; அதிலும் பெரும்பகுதி மலையோர மாவட்டங்களுக்கும் உள்மாவட்டங்களுக்கும் போய்விடுகிறது. எல் நினோ (பசிபிக் பெருங்கடலின் நீர் இயல்பைவிடச் சூடேறும் நிலை) வலுத்திருந்த 2015-16, 2023-24 போன்ற காலங்களை அடுத்து வரும் கோடையில் காத்திருப்பு இன்னும் நீளும்.

ஆனால் ஜூனில் ஒரு வழி பிறக்கிறது. தாமதமாக உள்ளே நுழையும் கடற்காற்றின் முனை, மேற்கிலிருந்து வரும் சூடான காற்றோடு மோதும் இடத்தில் மேகம் உயர்ந்து இடிமழையாகிறது. மேலே வீசும் மேற்குக் காற்று அந்த மேகத்தைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே உங்கள் ஊரில் மாலை நாலரை மணிக்குமேல் நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் பாருங்கள். அங்கே கருத்து எழுந்து, வீசிக்கொண்டிருந்த கடற்காற்று சட்டென்று அடங்குமானால், மாடியில் உலர்த்திய துணியை எடுத்துவிட அரைமணி நேரம் இருக்கிறது.